பட்டன் தேயாத டயர்

பொம்மசந்திராவில் டயர் கடை வைத்திருந்த அவருடைய பெயரை நான் கேட்கவே இல்லை. குள்ளமான ஆள். எந்த டயர் வந்தாலும் தோள் துண்டால் பக்கவாட்டைத் துடைத்து, அங்கே பதிந்திருக்கும் நாலு இலக்க எண்ணை விரலால் தடவிப் படிப்பார். டயர் தயாரான வாரமும் வருஷமும் அதில் இருக்கும். அவர் அதை ஜாதகம் என்பார்.

குடும்பத்தோடு ஊர் சுற்ற, ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப் போகும் பெரிய கேரவன் ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தேன். அதன் நாலு டயரையும் அவர் மாற்றச் சொன்னதும் எனக்கு எரிச்சல்.

"பட்டனே தேயலையே?" என்று, டயர் ரோட்டில் படும் பக்கத்து மேடுகளைத் தொட்டுக் காட்டினேன்.

"ஓடினாத்தானே சார் தேயும்? இது நின்ன இடத்துலயே கிழடாயிடுச்சு." நகத்தால் அழுத்திக் காட்டினார். முடி முடியாக வெடிப்புகள்.

"சாதாரண கார் டயர் போட்டா?"

"பேடா சார், வேண்டாம். இது ஒரு வீட்டையே தூக்கணும்."

அதிக பாரம் தாங்கும் நாலு புது டயர்களை எடுத்து, அவற்றுக்கும் ஜாதகம் பார்த்துத்தான் மாட்டினார். பிறகு கத்தியை எடுத்து, கழற்றிய நாலையும் பக்கவாட்டில் கிழித்தார்.

"ஐயோ, எதுக்கு?" என்று பதறினேன்.

"பட்டன் இருக்குல்ல, யாராவது நம்பி வாங்கிடுவாங்க." கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்கிட்டயே ஒருத்தர் அப்படி வாங்கினார் சார். ஃபேமிலி வண்டி."

அப்புறம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவர் கிழித்த டயர்களை ஓரமாக உருட்டப் போனார்.

அன்று ஓசூர் ரோட்டில் எனக்கு முன்னால் போன எல்லா வண்டிகளிலும் பட்டன் நன்றாகத்தான் இருந்தது.