மூன்றாவது கை

மார்த்தாண்டத்துப் பல் ஆஸ்பத்திரியில், உடைந்த பல்லுக்கு கேப் போடப் பயந்துகொண்டே காத்திருந்தேன். பக்கத்தில் தேங்காய்ப்பட்டணத்து மீன்பிடிக்காரர் ஒருவர். வெயிலில் கறுத்த முகம், தேய்த்த வெள்ளைச் சட்டை. ஒரு நீல நைலான் நூலை முடிச்சிடுவதும் அவிழ்ப்பதுமாக அவர் விரல்கள் ஓயவே இல்லை.

“எனக்கும் இண்ணைக்கு கேப்பாக்கும் சாரே. ரெண்டு வாரமா இந்தப் பக்கம் ஒண்ணும் கடிக்க முடியல்ல” என்றார், கல்யாண வீட்டுக்கு வந்தவரின் உற்சாகத்தோடு.

“பல்லு எப்படி ஒடஞ்சுது?”

“கிழிஞ்ச வலையைத் தைக்கும்போ நூலைக் கடிச்சுக் கடிச்சுப் போச்சு.”

“பக்கத்துல கத்தி வச்சுக்கிட்டா என்ன?”

“ரெண்டு கையும் வலையில இருக்கும். கத்தி பிடிக்க மூணாவது கை வேணும்லா?”

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். கேப் போட்டு முடித்ததும் டாக்டரம்மா வாசல்வரை கூடவே வந்தார்.

“இனி நூலைக் கடிக்கவே கூடாது, கேட்டியளா?”

பணிவாகத் தலையாட்டியவர், டாக்டரம்மா உள்ளே போனதும் பில்லுக்காக என்னருகே உட்கார்ந்து புதுப்பல் தெரியச் சிரித்தார். விரல்கள் பாட்டுக்கு ஒரு முடிச்சுப் போட்டன. மிச்ச நூல் தானாக வாய்க்குப் போனது. டக்!

இருவரும் உறைந்துபோனோம். நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தவர் துள்ளி எழுந்தார்.

“அசையல்ல சாரே!”

எனக்கே கைதட்டத் தோன்றியது. அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். வேலைக்கு நடுவில் டாக்டரம்மா கேட்டார்: “உங்க பக்கத்துல இருந்தவரு இனி நூலைக் கடிக்க மாட்டாருல்லா?”

நல்லவேளை, என் வாய் நிறையப் பஞ்சு இருந்தது.