முடிச்சு இல்லாத உறை

கப்ரோவோ ஊரில் பணப்பையும் மூக்குக்கண்ணாடிக் கூடும் செய்கிற ஒரு சின்னத் தோல் பட்டறை. அதில் அட்டையில் அளவு வெட்டித் தருகிற வேலை சிவ்காவுக்கு. எந்தப் பையானாலும் முதலில் அவள் கத்தரியில்தான் பிறக்கும். கைராசிக்காரி, வாய்தான் கொஞ்சம் நீளம். அப்பேர்ப்பட்டவள் புருஷன் மிஞ்சோவைப் புதைத்த அன்று ஒரு தப்பு செய்துவிட்டாள்.

அங்கே இறந்தவர் அன்றாடம் புழங்கிய சாமான்களைச் சவப்பெட்டியில் வைத்துத்தான் அனுப்புவார்கள். சிவ்கா புதுச் சட்டை போட்டுவிட்டாள், சிகரெட் வைத்தாள், அவன் திரும்பியும் பார்த்திராத சாமிப்படத்தைக்கூட வைத்தாள். அவன் மூக்குக்கண்ணாடியும் சீப்பும் மட்டும் கதவுக்குப் பின்னால் தொங்கிய பழைய கோட்டில் கிடந்தன. மண் மூடி, வேகவைத்த கோதுமையை வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்து, வீட்டுக்கு வந்து கோட்டை எடுத்தபோதுதான் கையில் தட்டுப்பட்டன.

அதன் பிறகு விடியற்காலைக் கனவில் மிஞ்சோ வர ஆரம்பித்தான். கைகளை முன்னால் நீட்டித் தடவிக்கொண்டு வருவான், நாற்காலியில் இடித்துக்கொள்வான், அவளை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் பேசுவான்.

“சிவ்கா, என் கண்ணாடிய எங்கடி வச்ச? இங்க ஒருத்தர் முகமும் தெரியமாட்டேங்குது.”

விழித்த பிறகு பார்த்தால் நாற்காலி கொஞ்சம் நகர்ந்திருக்கிற மாதிரியே இருக்கும். அவளுக்குப் பயம்தான். ஆனால் பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. ஊரார் சாமானுக்கெல்லாம் கூடு செய்து கொடுத்தவள், கட்டினவனைக் குருடனாக அனுப்பிவிட்டாளே.

அடுத்த வீட்டுச் சோனாதான் வழி சொன்னாள். “இதுக்கா இப்படி வாடிப் போற அக்கா? அடுத்து யாரு போறாங்களோ அவங்க பெட்டியில வச்சு அனுப்பிவிடு. கொண்டுபோய்க் கொடுத்துருவாங்க. எங்கம்மாவுக்கு நான் கம்பளிக் காலுறை அனுப்பலையா?”

சிவ்கா அட்டையும் கத்தரியுமாக உட்கார்ந்தாள். இறந்தவரோடு போகிற பொருளில் முடிச்சு இருக்கக் கூடாது, ஆத்மா அதில் மாட்டிக்கொள்ளும். முடிச்சு கூடாதென்றால் தையல் கூடாது. இரும்பும் ஆகாது என்பதால் ஜிப்பும் பொத்தானும் போயின. மிஞ்சியது ஒற்றைத் தோல்தான். அதை மூன்றாக மடித்து, மேல் மடிப்பில் நாக்கு மாதிரி விட்டு, கீழ் மடிப்பில் ஒரு கீறல் போட்டாள். நாக்கு கீறலுக்குள் நுழைந்தால் உறை தானாகவே மூடி நின்றது. உள்ளே கண்ணாடிக்கு ஓர் அகலமான இடம், பக்கத்திலேயே சீப்புக்கு ஒடுக்கமாக ஒன்று. மொத்தமும் சவப்பெட்டித் தலையணைக்கு அடியில் போகிற அளவுக்குத் தட்டை.

முதலில் செய்தது தானாகத் திறந்துகொண்டது. அடுத்தது திறக்கவே மறுத்தது. அதற்கப்புறம்தான் அவளுக்கு உறைத்தது, கண்ணாடி உள்ளே இருக்கும்போது அவன் எதைப் பார்த்துத் திறப்பான்? கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே திறந்து திறந்து பார்த்து, நாக்கின் நுனியில் தடவினால் தெரிகிற மாதிரி ஒரு வரி அழுத்தினாள்.

பட்டறை முதலாளி கோல்யோ எட்டிப் பார்த்தார். “பட்டன் இல்ல, ஜிப் இல்ல. இத எவன் வாங்குவான் சிவ்கா?”

“இது போற எடத்துல பேரம் பேச மாட்டாங்க முதலாளி.”

அவர் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

இனி ஒரு சாவு வேண்டும். கம்பத்தில் ஒட்டுகிற இரங்கல் தாள்களைத் தினமும் காலையில் நின்று படித்தாள். இப்படிக் காத்திருக்கிறோமே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஒருநாள் புது முகம் ஒட்டியிருந்தது. தபாலாபீஸ் ரைனா. கடிதம் எழுத நாதியில்லாத மிஞ்சோ எதற்காக வருஷக்கணக்கில் தபால்தலை வாங்கினான் என்பது ஊருக்கே தெரியும்.

“வேற யாராச்சும் போற வரைக்கும் பொறுத்துக்கலாமே அக்கா,” என்றாள் சோனா.

மறுநாள் விடியற்காலைக் கனவில் மிஞ்சோ நாற்காலி தடுக்கி விழுந்தான். சிவ்கா கறுப்பு உடையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ரைனாவின் மகள் டிமானா எழுந்து இடம்விட்டாள். “வாங்க அத்தை. ஏதாச்சும் அனுப்பணுமா?”

சிவ்கா தலையாட்டிவிட்டுச் சவத்தின் பக்கம் குனிந்தாள். “ரைனா, இத அவருகிட்ட கொடுத்துடு. கொடுத்துட்டு உன் வேலையப் பாரு.”

தலையணைக்கடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தவள் ரைனாவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடியைப் போட்டதும் அவன் பார்க்கப்போகிற முதல் முகம் எது? அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வருவதற்கு அவனுக்கு என்ன வேலை? மறுபடி குனிந்து உறையை எடுத்தாள். திறந்து, சீப்பை மட்டும் உருவிக்கொண்டு, பழையபடி மூடி வைத்தாள்.

“அது வேணாமா அத்தை?”

“இருக்கட்டும்மா.”

சில நாள் கழித்து விடியற்காலையில் மிஞ்சோ வந்தான். எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. கண்ணாடி போட்டிருந்தான், தலை பரட்டையாகக் கிடந்தது. சுவரைப் பார்க்காமல் நேராக அவள் முகத்தையே பார்த்தான்.

“சீப்பு எங்கடி?”

தன் தலையணைக்கடியில் இருந்த சீப்பைச் சிவ்கா இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியலையே. நாளைக்கு வாங்க, தேடி வைக்கிறேன்.”