கரண்டிக்கு ஏற்ற இரும்பு

எங்கள் வீட்டில் பால்கோவா கிண்டுவது நான்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைகளுக்குப் போட்டுக் கொடுக்கிற சின்ன அடுப்படி. இரண்டு அடுப்பு, இரண்டு இரும்பு வாணலி. வீட்டுக்காரர் கூமாப்பட்டிப் பக்கமிருந்து பால் கொண்டுவருவார், ஆறிய கோவாவைக் கடைகளில் சேர்ப்பார். நடுவில் உள்ளதெல்லாம் என் வலது தோளில் ஓடிக்கொண்டிருந்தது. போன சித்திரையில் அந்தத் தோள் மக்கர் செய்தது. கையைத் தூக்கித் தலை பின்ன முடியவில்லை.

வீட்டுக்காரர் ஒன்றும் கெட்டவர் இல்லை. மோட்டார் வைத்துக் கிண்டுகிற மிஷினை விசாரித்துவிட்டு வந்தார். "ஆடித் தேருக்கு முந்தி தோளு சரியாகலைன்னா மிஷினைப் போட்டுருவோம். நீ உக்காந்து பொட்டலம் மடி, போதும்" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. பொட்டலம் மடிக்க யாரும் கிடைப்பார்கள். பாலின் பதம் பார்த்து நிற்கிற இடத்திலிருந்து என்னை எழுப்பிவிட்டால் அந்த அடுப்படியில் எனக்கு என்ன வேலை? ஆனால் அதை அப்படியே சொல்ல வாய் வரவில்லை. தோளில் கோளாறு இல்லை, கரண்டியில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டேன்.

அது முழுப் பொய்யும் இல்லை. கடையில் விற்கிற கரண்டி ஆண்பிள்ளைகள் உயரத்துக்கு அடித்தது. பாலைத் தள்ளுகிற இலை, கையில் பிடிக்கிற காம்பு எல்லாமே இரும்பு. அதைப் பிடித்தால் நான் தோளைத் தூக்கிக்கொண்டே நிற்க வேண்டும். என் அளவுக்கு, எடை குறைவாக ஒன்று வேண்டுமென்று இரண்டு பட்டறைகளில் கேட்டேன். காம்பை வெட்டிக் குட்டையாக்கித் தருகிறோம் என்றார்கள். குட்டையாக்கினால் என் முகம் அடுப்புக்குள் இருக்கும். வீட்டுக்கு வந்து செல்போனில் இரும்படிக்கிற வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. அவர்கள் முதலில் அடுப்பு கட்டுகிறார்கள், ஊதுவதற்கு ப்ளோயர் வாங்குகிறார்கள். எங்களிடம் இரண்டும் ஏற்கெனவே இருந்தன.

"கிண்டத் தோளு வலிக்கும், இரும்படிக்க வலிக்காதாக்கும்?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். நியாயமான கேள்விதான். மறுநாள் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.

மில்களும் பட்டறைகளும் உள்ள ஊர் என்பதால் அங்கே பழைய இரும்புக்கடைகளில் கிடைக்காதது இல்லை. இரும்பை வைத்து அடிக்க அடியில் ஒரு கனத்த கட்டை வேண்டும். வீடியோக்காரர்கள் எல்லோரும் தண்டவாளத் துண்டைத்தான் வைத்திருந்தார்கள். அதையே கேட்டேன். கடைக்காரர் எந்த ஊர் என்று கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அக்கா, அது ரயில்வே சொத்து. அதை வாங்கி வச்சியன்னா பொறவு கோவா கிண்ட நேரமிருக்காது. ஒங்க ஊரு கோர்ட்டுக்கு நடக்கவே சரியா இருக்கும்."

கடைசியில் ஏதோ மிஷினிலிருந்து கழற்றிய ஷாஃப்ட், தடித்த உருண்டை இரும்புத் துண்டு ஒன்று கிடைத்தது. அதை நிமிர்த்தி மணல் வாளியில் புதைத்தால் ஆடாமல் நின்றது. பழுத்த இரும்பைப் பிடிக்க நீளக் கை வைத்த குறடு ஒன்று, அரம் ஒன்று. சுத்தியலில்தான் தப்பு செய்தேன். பெரியதாக வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்து, தூக்கவே மூச்சு வாங்குகிற ஒன்றை எடுத்துவந்தேன். நான்கு அடிக்குமேல் முடியவில்லை. திரும்பப் போய் அதைக் கொடுத்துச் சின்னதாக மாற்றிக்கொண்டேன். அதைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும், தன் எடையில் தானே விழுந்தது. கரண்டி அப்படியில்லை, ஒவ்வொரு சுற்றும் நான்தான் இழுக்க வேண்டும். வீட்டுக்காரருக்குச் சொல்ல இப்போது ஒரு பதில் இருந்தது.

சாமான் சேர்ந்துவிட்டது. எந்த இரும்பு என்பதில்தான் என் அறிவு வெளிப்பட்டது. எடை குறைவாக வேண்டும், அவ்வளவுதானே என்று தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற ஜி.ஐ. பைப் துண்டு ஒன்றை நெருப்பில் வைத்தேன். பச்சையும் மஞ்சளுமாகச் சுடர் எழுந்தது. வெள்ளைப் புகை வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது என்று பக்கத்திலேயே நின்றேன். சாயங்காலம் குளிர் எடுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தேன். பைப்பின் மேல் பூசியிருக்கிற துத்தநாகம் எரிந்த புகை அது, அதைச் சுவாசிக்கக் கூடாது என்று படுத்தபடியே செல்போனில் படித்தேன். பால் கொதிக்கிற சாமானுக்கு அந்தப் பூச்சு ஆகவே ஆகாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. பைப்பை வீட்டுக்காரர் தூக்கிப் போட்டார்.

அடுத்தது லாரிப் பட்டை. லாரிக்கு அடியில் வில் மாதிரி வளைத்து அடுக்கியிருப்பார்களே, அது. நல்ல இரும்பு வேண்டும் என்று கேட்டதற்கு இதைவிட நல்ல இரும்பு கிடையாது என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. நெருப்பில் பழுத்த பிறகும் லேசில் வழிக்கு வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி இலை வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு வாரமானது. தோள் வலித்தது, ஆனாலும் அந்த வாரம் காலையில் எழுந்ததும் எனக்கு அடுப்படிக்குப் போகவேண்டும் போல இருந்தது. அப்படி இருந்து பல வருஷமாகிறது. வீடியோவில் பார்த்தபடி பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினேன். அரம் போட்டால் வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவு கெட்டி. பெருமையோடு பாலில் இறக்கினேன்.

பால் சுண்டி, கோவா திரளும் நேரத்தில் தீய்ந்த வாசனை வந்தது. எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டுப் பார்த்தால் வாணலியின் அடியில் வட்ட வட்டமாகக் கீறல். கீறல் ஒவ்வொன்றிலும் பால் புகுந்து அடிப்பிடித்திருந்தது. பல வருஷம் கிண்டிக் கிண்டிக் கண்ணாடியாய்ப் பழகிய வாணலி அது. வீட்டுக்காரர் வாணலியைக் குனிந்து பார்த்துவிட்டுப் பால் கேனைக் கழுவப் போனார். அவர் திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

வீடியோக்காரர்கள் எல்லோரும் கத்தி செய்கிறவர்கள். கத்தி எதன்மேல் படுகிறதோ அதைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். கரண்டிக்கு அது தலைகீழ். வாணலியும் கரண்டியும் உரசினால் தேய வேண்டியது கரண்டிதான். கரண்டியை இன்னொன்று செய்துகொள்ளலாம். இத்தனை வருஷம் கிண்டியும் இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மூன்றாவதாக, ஜன்னல் கிரில் செய்கிற இடத்தில் வெட்டிப்போட்ட சாதாரண எம்.எஸ். தகடு வாங்கினேன். மெத்தென்ற இரும்பு. பழுத்ததும் சொன்ன பேச்சு கேட்டது. வாணலியின் வளைவுக்கு ஏற்ப ஓரத்தை வளைத்து, முக்காமல் சாம்பலில் ஆறவிட்டு, அரத்தால் முனை மழுக்கினேன். ஒரு பக்கத்தைச் சுருட்டிக் குழல் ஆக்கி அதில் என் உயரத்துக்கு வேப்பங்கம்பைச் செருகினேன். அழகென்று சொல்ல முடியாது. பிடித்து நின்றால் தோள் கீழே இறங்கி இருந்தது.

தேருக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நல்ல வாணலியில் பாலை ஊற்றி ஆரம்பித்தேன். பால் பொங்கி, சுண்டி, இறுகி, கரண்டியைப் பிடித்து இழுக்க ஆரம்பிக்கிற அந்தக் கட்டத்தில்தான் தோள் எப்போதும் மக்கர் செய்யும். அன்றைக்கு வலித்தது, ஆனால் தாங்குகிற வலி. வாணலியில் கீறல் விழவில்லை. கோவா சுருண்டு வந்ததும் இறக்கினேன். ஓரமாக நின்றுகொண்டிருந்த வீட்டுக்காரர் ஒரு துளி எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார்.

"சரிதாட்டி. மிஷின்காரன்ட்ட வேண்டாம்னு சொல்லிருதேன்" என்றார். அவர் முகத்திலும் சந்தோஷம்தான்.

ஜெயித்துவிட்டேன் என்று எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதே வாணலியில் அடுத்த பாலை ஊற்றிக் கரண்டியை எடுத்தேன். பால் சூடாகும்வரை செத்த நேரம் சும்மா நிற்க வேண்டும். அப்போது, இனி நாளைக்கும் இதே, அடுத்த வருஷமும் இதே என்று தோன்றியது. இந்த இடத்துக்காகத்தான் மூன்று மாதம் மல்லுக்கட்டினேன். கையில் கிடைத்த பிறகு அதன்மேல் எனக்குப் பெரிய ஆசை இல்லை. அதில் வருத்தமும் இல்லை, எனக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. அடுப்படி மூலையில் கிடந்த லாரிப் பட்டைக் கரண்டியையே என் கண் பார்த்துக்கொண்டிருந்தது.

"மிஷின் வரட்டும்" என்றேன்.

அவர் போனைக் கையில் வைத்தபடி நின்றார். "பொறவு எதுக்குட்டி இம்புட்டுப் பாடு பட்ட?"

"மோட்டார் கிண்டட்டும், பதம் நான் பாக்கேன். இந்த ரெண்டாவது அடுப்பு எனக்கு வேணும்."

இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இருக்காது என்று அவர் முணுமுணுத்தார். நான் அந்தக் கெட்டி இலையை எடுத்துத் துடைத்தேன். கரண்டிக்குத்தான் அது ஆகாது.

"நாளைக்குப் பாலுக்குப் போறப்போ, கூமாப்பட்டியில பால்காரவிய புல்லறுக்க எம்புட்டு நீளத்துல அரிவாள் வச்சிருக்காவன்னு பாத்துட்டு வாங்க" என்றேன்.