பரம்பரை முட்டி

உங்கள் பிள்ளைக்கு எந்தப் பக்கம் வாகு என்பதைப் பிள்ளையைப் பார்த்துச் சொல்வீர்களா, பரம்பரையைப் பார்த்துச் சொல்வீர்களா?

ஒரு பெண்ணைத் தெரியும். இவளுடைய அப்பா துடுப்புப் படகுப் போட்டியில் சாம்பியன். அண்ணனும் அப்படியே. வீட்டில் குடை செருகி வைப்பதே வெற்றிக் கோப்பையில்தான். இவள் சம்பாதித்தது ஒரு பட்டப்பெயர் மட்டும்: ‘நாலாவது’. பரிசு மேடையில் மூன்று படிகள்தானே! “நாலாவதா வந்தா நிம்மதி. கைதட்டித் தொந்தரவு பண்ண ஆள் இருக்காது” என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

அந்தப் படகில் ஒற்றை முட்டியை ஊன்றி, அந்த முட்டி இருக்கும் பக்கமே துடுப்புப் போட வேண்டும். இந்த வீட்டில் எல்லோரும் வலப்பக்கம். “அது நம்ம ரத்தம்” என்பார் அப்பா. இவளும் அப்படியே போட்டாள்; இவள் படகோ தன் பாதையை விட்டு, பக்கத்துப் பாதைக்குச் சம்பந்தம் பேசப் போகும்.

வயது ஏறிவிட்டது, அடுத்த அணித் தேர்வுதான் கடைசி வாய்ப்பு. ஒருநாள் படகுக் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணி சிரித்தாள்.

“ஏன்டி, துடைப்பம்னா இடப்பக்கமா வெளுத்து வாங்குற. துடுப்புக்கு மட்டும் என்ன பத்தியமா?”

நேரே அப்பாவிடம் போனாள். “நாம ஏன்பா வலப்பக்கம்?”

“சின்ன வயசுல சைக்கிள்லேர்ந்து விழுந்தேன். இடது முட்டியை ஊன முடியல.”

“அப்போ ரத்தம்?”

“முட்டியிலதான் வந்துச்சு.”

ஆக, வம்சப் பெருமை என்பது ஒரு மனிதரின் உடைந்த முட்டி! அது அண்ணனுக்குப் பொருந்தியபோது பெயர் திறமை. இவளுக்குப் பொருந்தாதபோது பெயர் சோம்பேறித்தனம். எந்த ஊர் நியாயம் இது?

இடப்பக்கம் மாறினாள். அந்தப் பருவம் முழுக்கப் படகு கவிழ்ந்து குளித்ததுதான் மிச்சம். இவளைக் கண்டதும் வாத்துகளே ஒதுங்கி வழிவிட்டன. “பயிற்சிக்குப் போறியா, மீன் புடிக்கப் போறியா?” என்றான் அண்ணன்.

தேர்வு நாள் வந்தது. அணியில் மூன்று இடம். வாழ்க்கையில் முதன்முறையாகப் படகு நூல் பிடித்தாற்போல் நேரே போனது. முடிவு? ஒரு விரற்கடை பின்தங்கி, நாலாவது. பட்டப்பெயருக்குத் துரோகம் செய்யத் தெரியாதவள்!

அப்பா கரையில் இடது முட்டியைத் தடவிக்கொண்டு நின்றார். “கொஞ்சம் முன்னாடியே மாத்தியிருந்தா…”

“கொஞ்சம் முன்னாடியே என்னைக் கேட்டிருந்தாப்பா” என்றபடி படகைத் தோளில் ஏற்றினாள். இடது தோளில்.

உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு முட்டி, வம்சம் என்ற பெயரில் நொண்டிக்கொண்டிருக்கும். இன்றைக்கே பிள்ளையின் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுங்கள். பிறகு, தயவுசெய்து, வாயை மூடிக்கொண்டு பாருங்கள்.