மீன் தொட்ட கை

துளசிங்கத்துக்கு மனுசன் என்றாலே இளப்பம். கேளம்பாக்கத்தைத் தாண்டி இருந்த ஒரு சின்ன முதலைப் பண்ணையில் பதினான்கு வருஷமாகத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். டிக்கெட் வாங்கி உள்ளே வருகிறவர்களை அவர் இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருந்தார்: கல் எறிகிற மடையன், கல் எறியாத மடையன்.

சிறுசேரியில் கம்ப்யூட்டர் தட்டுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து இறங்குவார்கள். வாயைப் பிளந்தபடி கரையில் கிடக்கும் முதலையைப் பார்த்து, "பொம்மைதானே?" என்பார்கள்.

"உங்களுக்கு வேர்க்குது, தொடச்சிக்கிறீங்க. அதுக்கு வேர்க்காது சார். வாயத் தொறந்து சூட்ட ஆத்திகினு கீது" என்பார் துளசிங்கம். "ஆடு தெனம் ஒரே எடத்துல தண்ணி குடிக்கும். இது அங்கியே போயி முங்கிக் கெடக்கும். ஆட்டுக்கு அறிவு கெடயாது, இன்னா பண்றது?"

2006இல் குரோம்பேட்டையிலிருந்து லோகநாதன் வந்து சேர்ந்தான். விலங்கியல் பட்டதாரி. மைக் பிடித்து விளக்கம் சொல்வதுதான் வேலை. "முதலைக்கும் நம்மள மாதிரியே இதயத்துல நாலு அறை. ஆனா தண்ணிக்குள்ள போனா நுரையீரலுக்குப் போற ரத்தத்தைக் குறைச்சுக்கும். ஒரு மணி நேரம்கூட மூச்சு விடாம கிடக்கும். நாய் மாதிரி மெல்லத் தெரியாது, தாடை மேலும் கீழும்தான் போகும். அதனால கடிச்சதை உருண்டு உருண்டு பிய்க்கும்."

மைக் பிடித்த அந்தக் கை ஒரு நாளும் மீன் வாளியைத் தொட்டதில்லை. "முதலை தும்முனா இவனுக்கு மூத்திரம் பூடும். இவன் கிளாஸ் எடுக்குறான்" என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார் துளசிங்கம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தீனி போட்டு முடித்துவிட்டுக் குளத்துப் படியில் குனிந்து கையை அலசினார். குழாய் பத்தடி தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அது மீன்காரக் குப்பத்தில் பிறந்த கை. மீன் நாற்றம் பட்டால் பக்கத்தில் எந்தத் தண்ணீர் இருக்கிறதோ அதில் தானாக இறங்கிவிடும். இந்தக் குளத்துக்கு மாற்றிய இரண்டு மாதமாக அதே படி, அதே நேரம். அதைக் கவனித்தது குளத்திலிருந்த பெரிய முதலை மட்டும்தான்.

தண்ணீர் அசையக்கூட இல்லை. கை மாட்டிக்கொண்டது. பதினான்கு வருஷ அனுபவம் எங்கே போய்த் தொலைந்ததோ, அவருக்கு இழுக்கத்தான் தோன்றியது.

"இழுக்காதீங்கண்ணா. அது உருளும், கூடவே உருளுங்க" என்று கத்திக்கொண்டு லோகநாதன் மைக்கை வீசிவிட்டு வேலியைத் தாண்டி வந்தான். அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்துத் தானும் சேர்ந்து சேற்றில் உருண்டான். பிடியை மாற்ற அது வாயைத் திறந்த நொடியில் கை வெளியே வந்தது. இரண்டு விரல் வரவில்லை.

அதற்கப்புறம் தீனி போடும் வேலை வேறு ஆளுக்குப் போனது. துளசிங்கத்தை வாசலில் டிக்கெட் கிழிக்க உட்கார வைத்தார்கள். லோகநாதன் மைக்கில் பேசும் இடம் பக்கத்திலேயே; எல்லாம் நன்றாகக் கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேர் சொல்லாமல் அந்தக் கதையைச் சொன்னான்: "இங்க வேலை செஞ்ச ஒருத்தர் தினமும் ஒரே படியில கை கழுவினார்."

கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். "முதலைக் குளத்துல கை கழுவுன மடையன் யார் சார் அது?"

துளசிங்கம் வாசலிலிருந்து எழுந்து வந்து மூன்று விரல் கையைத் தூக்கிக் காட்டினார்.

"நான்தான் சார். கல்லு எறியாத மடையன்."