அருகம்புல்லுக்குச் செய்த சீப்பு

எங்கள் நிலம் காவாந்தண்டலம் போகிற வழியில், ஏரி மதகைத் தாண்டினால் இடது கைப் பக்கம். ஒரு காணி. பெரியது இல்லை. ஆனால் நான் வாழ வந்த நாளிலிருந்து என் கை படாத மண் அதில் கிடையாது. கோமாரி வந்து உழவு மாடு இரண்டும் ஒரே வாரத்தில் போன பிறகு அது தரிசாகிவிட்டது. தரிசு என்றால் நிலம் சும்மா கிடக்குமா? அருகம்புல் ஏறிவிட்டது. மேலே பச்சையாக ஒரு பாய், அதன் கீழே காய்ந்த பழம்புல் ஒரு பாய், அதற்கும் கீழே வேர். காலை வைத்தால் மண் தட்டாது, மெத்தை மாதிரி அமுங்கும்.

"புள்ளையாருக்குச் சாத்தற புல்லு. அவரே வந்து குந்திக்கினாரு, நாம இன்னா பண்றது" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அப்போது அவருக்குச் சிரிப்பு வந்தது.

சிரிக்காதவர் அவருடைய அண்ணன், எனக்கு மூத்தார். பாகம் பிரித்தது வாய்ப்பேச்சில்தான். பட்டா அவர் பேரில் இருந்தது. ஆனி பிறந்ததும் வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை.

"தம்பி, இந்த ஆடிக்கு வெரை போட்டா நெலம் உன்து. போடலன்னா நானே ஓட்டிக்கிறேன். தரிசா போட்டு வெச்சா ஊருல என்னைத்தான் பாத்து சிரிக்கிறாங்க."

அவர் வெறும் பேச்சு பேசுகிறவர் இல்லை. சொன்னால் செய்வார்.

அருகம்புல்லை அப்படியே உழுதுவிடவும் முடியாது. கொடி துண்டு துண்டாக அறுந்து, துண்டுக்கு ஒரு செடியாக முளைத்துக்கொள்ளும். முதலில் வாரி எடுக்க வேண்டும், வெயிலில் காயப்போட்டுக் கொளுத்த வேண்டும், அப்புறம்தான் ஏர். கையால் வாரினால் அந்த ஆனி போதாது. என் வீட்டுக்காரர் ஒரு கரும்புத் தோட்டத்துக்காரரிடம் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். சின்ன டிராக்டர். வேலை இல்லாத நாளில் எடுத்துக்கொள் என்று தோட்டத்துக்காரர் சொல்லியிருந்தார். இழுக்க வண்டி கிடைத்துவிட்டது, வாருகிற சாமான்தான் இல்லை. அதை நாங்களே செய்ய உட்கார்ந்தோம்.

மாடு போனாலும் பரம்பு இருந்தது. உழுத சேற்றைச் சமப்படுத்த மாட்டின் பின்னால் கட்டி இழுக்கிற கனத்த பலகை. அதில் வரிசையாகத் துளை போட்டு, கம்பியை வளைத்துப் பல் வைத்தார். முதல் இழுப்பிலேயே பல்லெல்லாம் விரலை நீட்டின மாதிரி நிமிர்ந்துவிட்டது. கம்பி இளசு. அன்று மாலை அவர் எங்கள் மாட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். சக்கரத்தைக் கழற்றி, அதன் இரும்புப் பட்டையைப் பிரித்தார். அன்றைக்கு எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை.

பட்டையைக் கொல்லுப் பட்டறையில் துண்டு போட்டு, நெருப்பில் காய்ச்சி, பூனை நகம் மாதிரி வளைத்தார். இரும்பைக் குறட்டால் பிடித்தது நான். மூத்தார் அந்தப் பக்கமாகப் போனவர் நின்று பார்த்தார்.

"இன்னா தம்பி, சீப்பு செய்றியா? யாருக்குத் தலை வாரப் போற?"

"நெலத்துக்குத்தான் மாமா. சடை புடிச்சிக் கீது" என்றேன் நான். அவர் சீப்பை இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

சீப்பைச் சங்கிலியில் மாட்டி இழுத்துப் பார்த்தோம். இப்போது பல் நிமிரவில்லை, ஆனால் இறங்கவும் இல்லை; புல்லின் மேலேயே வழுக்கிக்கொண்டு போனது. கனம் போதவில்லை.

"கல்லு வெச்சிக் கட்டலாமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கல்லு உருளும்யா. ஆளு நின்னா, கெட்டியா கீற எடத்துல சாஞ்சி அமுக்கலாம். அடைச்சிக்கினா எறங்கித் தூக்கி வுடலாம்" என்றேன் நான்.

"ஆமாமே, அதுவும் சரிதான்."

எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். பரம்பு என்றால் அதன் மேல் ஆள் நிற்பதுதான் வழக்கம். என் அப்பன் வீட்டில் சின்னப் பெண்ணாக இருந்தபோதே பரம்பில் நின்றவள் நான், ஒரு நாளும் விழுந்ததில்லை. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறி நின்றேன். சீப்பு கடித்துக்கொண்டு போனது. பழம்புல் சுருட்டிச் சுருட்டி வந்தது. பின்னால் மண் தெரிந்தது. எவ்வளவு காலம் கழித்து அந்த மண்ணைப் பார்க்கிறேன். முக்கால் நிலம் வாரிவிட்டோம். அங்கங்கே குவித்த புல், காய்ந்ததும் கொளுத்த வேண்டியதுதான் பாக்கி.

கடைசிப் பக்கம் வரப்போரம் பனை. அதன் வேர் மண்ணுக்குள் நீண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. பல் அதில் மாட்டியது. பலகை நின்றது, நான் முன்பக்கம் போய் விழுந்தேன். வேர் அறுந்து சீப்பு என் மேல் வந்தது.

நிறுத்து என்று கத்த வாய் வரவில்லை. "ஹோ, ஹோ" என்றேன். மாட்டுக்குச் சொல்கிற சொல். மாடாக இருந்தால் அதிலேயே நின்றிருக்கும். டிராக்டர் அதன் சத்தத்திலேயே போய்க்கொண்டிருந்தது. அவர் வரப்பில் திருப்பும்போதுதான் பின்னால் பார்த்தார்.

காஞ்சிபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் என் இடது பாதத்தில் முன்பாதியை எடுத்தார்கள். அவர் என் கட்டில் பக்கத்தில் தரையிலேயே கிடந்தார்.

"போய்யா. போய் அந்தப் புல்லக் கொளுத்திட்டு வா. ஆடி பொறக்கப் போவுது."

"நீ சும்மா கெட."

"காஞ்சிருக்கும்யா இந்நேரம்."

அவர் போகவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். வண்டியை உடைத்த அன்றுகூட அவர் முகம் அப்படி இல்லை.

ஆடி பிறப்பதற்கு முன்பே மழை வந்தது. அது வலுத்துப் பெய்யப் பெய்ய, மற்றக் கட்டிலில் இருந்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள், இந்த வருஷம் நல்ல மழை என்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். குவித்த குவியலெல்லாம் ஈரத்தில் வேர் விட்டுக்கொண்டிருக்கும்.

வீட்டுக்கு அனுப்பியபோது ஆடி முடியப் போகிறது. காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்தோம். மதகு வந்ததும் நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் நிலத்தில் வேறு யாருடைய டிராக்டரோ ஓடிக்கொண்டிருந்தது. வரப்பில் மூத்தார் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். டிராக்டரின் பின்னால் எங்கள் சீப்பு. அதன் மேல், நான் நின்ற இடத்தில், இரண்டு கருங்கல்லை வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். டிராக்டர் திரும்பியது. கல் அசையவில்லை.

என் வீட்டுக்காரரும் பார்த்துவிட்டார்.

"கல்லு நிக்குதுமே" என்றார் மெதுவாக.

மூத்தார் பஸ்ஸைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பவில்லை. புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டேன், பஸ் அந்த இடத்தைத் தாண்டுகிற வரைக்கும் அவரைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.