மகளின் ஸ்கீ நாளுக்கு நான் போனது

ஒஸ்லோவில் பெப்ரவரி மாதம் வந்தால் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய், காலில் நீளக் கட்டைகளை மாட்டிவிட்டு, ஒரு நாள் முழுக்கப் பனியில் ஸ்கீ ஓட விடும். மகள் நாலாம் வகுப்பில் படித்த வருடம், துணைக்குச் சில பெற்றோரும் வந்தால் நல்லது என்று ரீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். அதற்கு முந்திய வருடங்களில் எனக்கு வேலை என்று சொல்லித் தப்பியிருந்தேன். பொய்யில்லை. முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை, பகல் முழுக்க அங்கேதான். அந்த வருடம் பார்த்து அந்த நாள் எனக்கு ஓய்வுநாளாக அமைந்துவிட்டது.

மகள் சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்ன விதத்திலேயே அவளுடைய விருப்பம் தெரிந்தது.

"நீங்கள் வரத் தேவையில்லை அம்மா. மற்றாக்கள் வருவினம்."

"ஏன், நான் வந்தால் என்ன?"

"உங்களுக்கு ஓடத் தெரியாதே."

தெரியாதுதான். கலியாணம் முடித்து இந்த நாட்டுக்கு வந்து பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது. நகரசபைத் தேர்தலில் வாக்குப் போட்டிருந்தேன். வேலையிடத்தில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் செய்துகொண்டு போவேன். ஆனால் பனி என்பது எங்களுக்குக் காரிலிருந்து சுரண்டி எறிகிற பொருள். குளிர்காலம் வந்தால் எங்கள் ஆட்கள் எல்லோரும் உள்ளேதான். பிள்ளைகளுக்கு நடன வகுப்பு, தமிழ் வகுப்பு, மண்டபத்தில் பெரியபிள்ளையான யாராவது ஒரு பிள்ளையின் சாமத்தியவீடு. அந்த மாதங்களில் வெளியே இருந்த நாடு எனக்கு யன்னலால் பார்த்த நாடு.

மகள் அப்படிச் சொன்னது சுட்டது. "நான் வாறன் எண்டு ரீச்சருக்குச் சொல்லு," என்றேன்.

கணவர் பஸ் ஓட்டுகிறவர். சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார். "உமக்கென்ன விசரே? பஸ் ஸ்ரொப்பிலை நிக்கேக்கையே வழுக்கி விழுறனீர்."

லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிப் போயிருந்த மச்சாளின் கராஜில் ஒரு சோடி ஸ்கீ கிடந்தது. யாரோ கொடுத்ததாம், ஒருவரும் போட்டதில்லையாம். என்னை விட நல்ல உயரமான ஒருத்தருக்குச் செய்தவை. சப்பாத்தும் பெரிது, இரண்டு கம்பளிக் காலுறை போட்டுச் சரிக்கட்டினேன். பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு வரவேற்பறைக் கம்பளத்தில் அவற்றை மாட்டிக்கொண்டு சோபாவிலிருந்து தொலைக்காட்சி வரைக்கும் போய்ப் போய் வந்தேன். கம்பளம் வழுக்காது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

பியோர்ண்டாலில் எங்கள் தொடர்மாடிகள் முடிகிற இடத்தில் காடு தொடங்கும். அன்று காலை வெயில் நன்றாக எறித்தது. என்னோடு வந்த பெற்றோர் எல்லோரும் நோர்வேக்காரர். அவர்களில் ஒருவர் உயரமான, நரைத்த தாடிக்காரர். அவருடைய மகன் என் மகளின் வகுப்பு. மனைவி தாய்லாந்துக்காரி. பஸ் ஸ்ரொப்பில் கண்டால் நானும் அவளும் சிரித்துக்கொள்வோம், அதற்கு மேல் பழக்கமில்லை.

ஸ்கீயை மாட்டிய கையோடு விழுந்தேன். ரீச்சர் தூக்கிவிட்டார். பத்தடி போகுமுன் மறுபடி விழுந்தேன். ஒரு கட்டையின் மேல் மற்றக் கட்டை ஏறி நின்றுகொள்ளும், எந்தக் காலை எடுப்பது என்று தெரியாது. பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு விர் விர் என்று போனார்கள். கடைசிப் பிள்ளையும் போன பிறகு ரீச்சர் மட்டும் என்னோடு நின்றார். முப்பது பிள்ளைகளைப் பார்க்க வந்தவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பரவாயில்லை, மெதுவாக வாருங்கள்," என்று அவர் அன்பாகச் சொல்லச் சொல்ல எனக்கு முகம் எரிந்தது. மகள் முன்னால், வெகு முன்னால், தோழிகளோடு போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஒருவழியாக ஒரு மேட்டின் உச்சிக்கு வந்து சேர்ந்தேன். கீழே வெட்டவெளி. நடுவில் நெருப்பு மூட்டி, பிள்ளைகள் தடிகளில் சொசேஜ் குத்திச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ரீச்சர் ஸ்கீயைக் கழற்றிவிட்டு நடந்து இறங்கச் சொன்னார். சொன்னது காதில் விழுந்தது. கழற்றக் குனிந்தேன், அவ்வளவுதான், கட்டைகள் தாமாகவே புறப்பட்டுவிட்டன.

எப்படி நிறுத்துவதென்று தெரியாது. "ஐயோ" என்று தமிழில் கத்தினேன். பிள்ளைகள் இரண்டு பக்கமும் சிதறினார்கள். நெருப்புக்கு அருகில் கொக்கோப் பானை ஒன்று வைத்திருந்தார்கள். அதையும் இடித்துக்கொண்டு, சொசேஜ் பெட்டிக்கு மேலால் விழுந்து, முகம் குப்புறக் கிடந்தேன். நல்லவேளை, ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் முழங்கால் பிசகிவிட்டது. வெள்ளைப் பனியில் கொக்கோ மண்ணிறமாய்ப் பரவிக்கொண்டு போனது. சில பிள்ளைகளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

ஒரு பொடியன் கேட்டான், "இது யாருடைய அம்மா?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. நான் தலையை நிமிர்த்தியபோது மகளைக் கண்டேன். ஸ்கீ ஓடும்போது ஊன்றுகிற கைத்தடியின் நுனியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிக்கொண்டு நின்றாள். அந்தப் பனி எப்போதோ விழுந்துவிட்டது. அவள் தட்டிக்கொண்டேயிருந்தாள்.

காலை ஊன்ற முடியவில்லை. சின்னப் பிள்ளைகளை இருத்தி இழுக்கிற புல்க் என்ற சறுக்குவண்டி ஒன்றை, களைத்துப் போகும் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்திருந்தார்கள். அதில் என்னை இருத்தி, பெல்ட்டையும் மாட்டி, கம்பளியால் மூடினார்கள். தாடிக்காரர் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இழுத்தார். எனக்கு முப்பத்தெட்டு வயது. என் கால்கள் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எதிரே ஓடிவந்த ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டு என்னைக் குனிந்து பார்த்தார்கள்.

மன்னியுங்கோ, மன்னியுங்கோ என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் கொஞ்சத் தூரம் போய் நின்று மூச்சு வாங்கினார்.

"நான் தாய்லாந்தின் வடக்கே பன்னிரண்டு வருடம் இருந்தவன்," என்றார். "மனைவியின் ஊர் அங்கேதான். முதல் வருடம் நாற்று நடுகிற நேரம், நானும் உதவுகிறேன் என்று வயலுக்குள் இறங்கினேன். தொடை வரைக்கும் புதைந்துபோனேன். மாமியாரும் அவருடைய தங்கையும் கயிறு போட்டு இழுத்தார்கள். நான் வந்தேன், காற்சட்டை வரவில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார்.

"ஊர் முழுக்கப் பார்க்க வந்தது. அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் சந்தையில் என்னோடு ஒருவரும் நேரே பேசியதில்லை. 'இவருக்கு என்ன வேணுமாம்?' என்று மனைவியிடம்தான் கேட்பார்கள். அவர்களுடைய மொழியில் 'கிட்ட' என்பதும் 'தூரம்' என்பதும் ஒரே சொல் மாதிரி, குரலை ஏற்றி இறக்குவதில்தான் வித்தியாசம். அது எனக்குக் கடைசி வரைக்கும் பிடிபடவேயில்லை."

என்னைத் தேற்றத்தான் சொன்னார் என்பது விளங்கியது. நல்ல மனிதர். ஆனால் அவர் மறுபடி இழுக்கத் தொடங்கியபோது எனக்கு இன்னும் கூசியது. அவர் தன் சேற்றுக் கதையைச் சிரித்துச் சொல்லலாம். அவர் தன் ஊருக்குத் திரும்பி வந்துவிட்டார், அவருடைய பனி இது, அவருடைய கால் அதில் வழுக்காது. நான் என் கதையை எங்கே போய்ச் சொல்வது? யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோன் எடுத்து, அம்மா, என்னை ஒரு வெள்ளைக்காரன் வண்டியில் வைத்துக் கட்டி இழுத்தவன் என்றா?

அன்று மகள் வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கணவர் வேலைக்குப் போயிருந்தார். நான் முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு சோபாவில் கிடந்தேன். இருட்டத் தொடங்கியபோது அவளாகவே வந்து கால்மாட்டில் இருந்தாள்.

"நோகுதோ?"

"கொஞ்சம்."

"இனிமேல் வராதேங்கோ அம்மா."

"வெக்கமாப் போச்சோ பிள்ளைக்கு?"

"ஓம்," என்றாள். "அவன் கேட்டவன், ஆற்றை அம்மா எண்டு. நான் வாயே திறக்கேல்லை. உங்களுக்குக் கேட்டதோ?"

கேட்டது என்று சொன்னால் அவள் உடைந்துவிடுவாள். கேட்கவில்லை என்றால் நம்பமாட்டாள். அவளை இழுத்துப் பக்கத்தில் படுக்க வைத்தேன். அவளுக்கு நான் சொல்லாத ஒன்று இருந்தது. அந்தப் பொடியன் கேட்டபோது, அவள் பேசாமல் நிற்கட்டும் என்றுதான் நானும் பனிக்குள் கிடந்தபடி வேண்டிக்கொண்டேன். யாருடைய அம்மாவாகவும் இல்லாமல் அப்படியே கிடந்துவிட்டால் போதும் என்றிருந்தது. அவள் அழுதாள். நான் அவளுடைய தலையைத் தடவிக்கொண்டிருந்தேன், இவளுக்கு ஆறுதல் சொல்ல எனக்கென்ன தகுதி என்று நினைத்தபடி.

முழங்கால் சரியாக மூன்று கிழமை எடுத்தது. பிறகு ஒரு சனிக்கிழமை காலை அழைப்புமணி அடித்தது. தாடிக்காரரின் மனைவி, கையில் இரண்டு சோடி ஸ்கீயோடு நின்றாள். இருவருக்கும் பொதுவான மொழி நோர்வேஜிய மொழி, அதில் இரண்டு பேருமே பாதிதான்.

"இது உங்கட அளவு," என்கிற மாதிரிச் சொன்னாள். "அவர் சொன்னவர். நானும் விழுந்தனான். நிறைய."

ஜாக்கெட்டை எடுத்து மாட்டினேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த பந்து விளையாடும் திடலுக்குப் போனோம். அவள் எனக்கு ஓடப் பழக்கவில்லை. விழப் பழக்கினாள். பக்கவாட்டில் சரிந்து விழு, கட்டை இரண்டையும் ஒரு பக்கம் போடு, முழங்காலில் எழும்பு. விழுந்து எழும்பி விழுந்து எழும்பி உடம்பெல்லாம் நனைந்தது. அந்தப் பக்கமாக யாராவது நாயோடு நடந்து வந்தால் நான் சும்மா நிற்கிற மாதிரி நின்றுவிடுவேன். அவர்கள் போன பிறகுதான் மறுபடி விழுவேன். அவள் அதைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

இரண்டு குளிர்காலம் அப்படிப் பழகினேன். சமதரையில் போகத் தெரியும். இறக்கம் என்றால் இப்போதும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வேன். அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தின் ஸ்கீ நாளுக்குப் பனி போதவில்லை, பிள்ளைகளை நீச்சல் தடாகத்துக்குக் கூட்டிப் போனார்கள். அதற்கடுத்த வருடம் மகளே என்னைக் கேட்டாள், வாறீங்களோ என்று. எனக்கு வேலை என்று சொன்னேன். அன்று எனக்கு வேலை இருக்கவில்லை. அவள் அதைத் தெரிந்துகொண்டே, "சரி அம்மா," என்றாள்.

தாடிக்காரரை இன்னும் கடையில் காண்பதுண்டு. கண்டவுடன் "முழங்கால் எப்படி?" என்று கேட்பார். நல்லாயிருக்கு என்பேன். பால் எடுக்கப் போன நான் கோதுமை மாப்பெட்டிகள் இருக்கிற பக்கம் திரும்பி, அவர் காசு கட்டி வெளியே போகும் வரைக்கும் ஏதாவது பெட்டியை எடுத்து வாசித்துக்கொண்டு நிற்பேன்.